அது பழுதான வைன் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில் பிரான்சின் குடிவகைகளைப் பற்றி வந்த அரைப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். அதில் ஜூரா பகுதிக்கு நான்கு வரி கிடைத்திருக்கிறது. பழுதாய்ப்போன வைனை ஏழு வருடம் பூட்டிவைத்து அதிக விலைக்கு விற்கிறார்கள் என்றும், அங்கே கிடைக்கும் இன்னொன்று சாராயம் கலந்த பழரசம் என்றும் அந்த நான்கு வரி சொல்கிறது. அந்த வைன் கிடக்கும் நிலவறை ஒன்றில் நான் 1996-ஆம் ஆண்டு முதல் வேலை செய்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. வெட்ட வேண்டுமானால் எங்கேயும் வெட்டுங்கள், கடைசிப் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள்.

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரன். 1989-இல் பிரான்சுக்கு வந்தேன். ஏழு வருடம் பாரிஸ் உணவகங்களில் கோப்பை கழுவினேன். 1996 செப்டெம்பரில், முந்திரிகை ஆய ஆள் தேவையாம் என்று அறையில் கூட இருந்த பொடியன் ஒருவன் சொன்னான். மூன்று கிழமை வேலை, சாப்பாடும் படுக்கையும் தருவார்கள் என்றான். ஜூராவில் இருக்கும் ஆர்புவா என்ற ஊருக்கு ரயிலேறினேன். எங்கள் பக்கத்தில் திராட்சையை முந்திரிகை என்போம், இந்தக் கடிதத்திலும் அப்படியே எழுதுகிறேன். அந்த மூன்று கிழமை முப்பது வருடமாகிவிட்டது.

ஜூரா பெரிய இடமல்ல. பேர்கண்டிக்கும் சுவிஸ் எல்லைக்கும் நடுவில், மலையடிவாரத்தில் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் ஒரு கீற்று. தோட்டமெல்லாம் சேர்த்தால் சுமார் 2,000 ஹெக்டயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைவிடப் பல மடங்கு இருந்தது. அந்த நூற்றாண்டின் கடைசியில் பிலொக்சரா என்ற பூச்சி வேரிலே விழுந்து தோட்டங்களை அழித்தது. பிறகு அவை பழைய பரப்புக்குத் திரும்பவேயில்லை. ஆனாலும் 1936 மே மாதத்தில் பிரான்சில் முதன்முதலாகச் சட்டப்படி பெயர்க்காப்புப் பெற்ற ஒரு சில இடங்களில் ஆர்புவாவும் ஒன்று. ஆர்புவா என்ற பெயரைப் போத்தலில் ஒட்ட வேண்டுமானால் பழம் அந்த ஊர் மண்ணில் விளைந்திருக்க வேண்டும். என்ன இனம், எப்படிச் செய்வது, எவ்வளவு காலம் வைப்பது என்பதெல்லாம் எழுத்தில் உண்டு.

இனி, பழுதானது என்று உங்கள் கட்டுரை சொன்ன மஞ்சள் வைனுக்கு வருகிறேன். பிரெஞ்சில் வான் ஜோன். சவன்யான் என்ற ஒரே ஒரு வெள்ளை முந்திரிகையில் மட்டும் செய்யலாம். மற்ற இனங்களை ஆய்ந்து முடித்த பிறகு கடைசியாகத்தான் அதை ஆய்வோம். சில வருடங்களில் அந்த நேரம் விரல் விறைக்கும் குளிர் வந்துவிடும். சாறு பிழிந்து, நொதித்து, சாதாரண வெள்ளை வைனாக ஆன பிறகு, 228 லீற்றர் கொள்ளும் பழைய ஓக் பீப்பாக்களில் ஊற்றுவோம். இதுவரை உலகத்தில் எல்லோரும் செய்கிற வேலைதான்.

பீப்பாவில் இருக்கும் வைன் மரத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். மற்ற ஊர்களில் பெரும்பாலும் அந்தக் குறையை உடனுக்குடன் நிரப்பிவிடுவார்கள், ஏனென்றால் காற்றுப் பட்டால் வைன் புளித்து வினாகிரியாகிவிடும். இங்கே நிரப்புவதில்லை. அப்படியே விட்டுவிடுகிறோம். சில மாதங்களில் வைனின் மேல் ஒரு மெல்லிய ஆடை படரும். ஆறின பாலில் ஆடை படிவது போல, ஆனால் அதைவிட மெல்லியது, சாம்பல் கலந்த வெள்ளை. அதை இங்கே முக்காடு என்ற பொருளில் 'வுவால்' என்பார்கள். அது உயிருள்ள நொதி, ஈஸ்ட் என்பார்களே அது. காற்றுக்கும் வைனுக்கும் இடையில் படுத்துக்கிடந்து, தேவையான அளவுக்கு மட்டும் காற்றை உள்ளே விடுகிறது. அந்த ஆடையின் கீழ் குறைந்தது 60 மாதம் கிடக்க வேண்டும். அறுவடை செய்த வருடத்துக்குப் பின் ஆறாவது வருடத்து டிசெம்பர் 15 வரை பீப்பாவை விட்டு எடுக்கக் கூடாது. ஆறு வருடமும் மூன்று மாதமும் என்பது இந்த ஊர்க் கிழவர்களின் வாய்க்கணக்கு.

பூட்டிவைப்பதாக உங்கள் கட்டுரை சொன்னதுதான் எனக்கு மிகவும் நோகிறது. பூட்டிவிட்டுப் போவதானால் எனக்கு அங்கே என்ன வேலை? பீப்பாவின் முகத்தில் ஒரு சிறிய குழாய் உண்டு. மேலே இருக்கும் ஆடை கலையாதபடி அதில் கொஞ்சம் எடுத்து, மணந்து, வாயில் வைத்துத் துப்பி, மீதியை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம். வினாகிரிப் புளிப்பு ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ஏறினால் அந்தப் பீப்பா வரிசையிலிருந்து போய்விடும். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பீப்பாக்களில், ஒரே தோட்டத்துச் சாறு, ஒன்று பொன்னாகும், மற்றது கைவிடும். ஏன் என்று கேட்டால் என் முதலாளி தோளைக் குலுக்குவார். அவருடைய தகப்பனும் அப்படித்தான் குலுக்குவாராம்.

கடைசியில் ஒரு லீற்றர் 62 சென்ரிலீற்றராகச் சுருங்கும் என்பது இங்குள்ள கணக்கு. அதனால் போத்தலும் அதே அளவு. தோள் அகன்ற, கட்டையான அந்தப் போத்தலுக்குக் கிளாவலான் என்று பெயர். ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் இந்த அளவுப் போத்தல் இந்த வைனுக்கு மட்டுமே உண்டு.

மலைமேல் இருக்கும் சத்தோ-சலோன் கிராமத்தார் இன்னும் கடுமை. அங்கே மஞ்சள் வைன் மட்டும்தான் ஊர்ப் பெயரில் வரலாம். அறுவடைக்கு முன் ஒரு குழு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிப் பழத்தைப் பார்க்கும். 1974, 1980, 1984, 2001 ஆகிய வருடங்களில் பழம் தகாது என்று, அந்த வருடத்துக்கு ஊர்ப் பெயரே வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். கெட்டதை நல்லதென்று விற்க நினைப்பவர்கள் அப்படிச் செய்வார்களா, ஐயா? 2018 மே மாதத்தில் லோன்-ல-சோனியே நகரில் 1774-ஆம் ஆண்டு அறுவடையின் மஞ்சள் வைன் மூன்று போத்தல் ஏலத்துக்கு வந்தது. ஒரு போத்தல் 103,700 யூரோவுக்குப் போனது. பழுதான பொருள் 244 வருடம் நிற்காது.

மணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1996-இல் முதல்முதல் அந்த நிலவறைக்குள் இறங்கியபோது நான் படியிலேயே நின்றுவிட்டேன். அம்மா கறித்தூளுக்குச் சரக்கு வறுக்கிற மணம். மல்லி, சீரகம் எல்லாம் வறுத்து இறக்கிக் கடைசியாக வெந்தயத்தைப் போட்டதும் அடுப்படியிலிருந்து வாசல் வரை வருமே, அது. ஏழு வருடமாக நான் அந்த மணத்தைப் பார்க்கவில்லை. முதலாளிக்கு அப்போது என் பிரெஞ்சு விளங்காது, எனக்கு அவருடையது விளங்காது. வால்நட், கறித்தூள் என்று விரல்விட்டுச் சொன்னார். இங்கே வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் இல்லை இல்லை என்று தலையாட்டினேன். அடுத்தமுறை பாரிஸுக்குப் போனபோது லா சப்பலில் தமிழ்க்கடையில் வெந்தயம் ஒரு பை வாங்கிவந்து, அவருடைய குசினியிலேயே வறுத்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். மனிதர் ஒன்றும் பேசவில்லை. கீழே போய் ஒரு கிளாஸ் எடுத்துவந்து, இரண்டையும் மாறி மாறி மணந்துகொண்டே இருந்தார்.

பல வருடம் கழித்து, வைன் படிப்புப் படித்த ஒரு பிள்ளை எங்களிடம் பயிற்சிக்கு வந்தாள். அவள்தான் விளக்கம் சொன்னாள். அந்த மணத்துக்குக் காரணம் சொட்டலோன் என்ற பொருள். வெந்தயத்துக்கு அதன் மணத்தைக் கொடுப்பதும் அதேதான். ஆடையின் கீழே வருடக்கணக்காகக் கிடக்கும் வைனில் அது தானாக உண்டாகிறது. நான் அன்று படியில் நின்றது வெறும் ஊர் ஞாபகத்தால் அல்ல என்று அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

இந்த ஊருக்கு விஞ்ஞானம் புதிதல்ல. லூயி பாஸ்டர் 1822-இல் பிறந்தது பக்கத்து டோல் நகரில், வளர்ந்தது ஆர்புவாவில். வைன் ஏன் புளிக்கிறது, ஏன் கசக்கிறது என்று 1860-களில் அவர் இங்கே வந்துதான் பீப்பா பீப்பாவாகப் பார்த்தார். அவர் வீடு இன்னும் இருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம்.

சரி, மற்றக் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். சாராயம் கலந்த பழரசம் என்று எழுதியது மக்வானைப் பற்றி என்று நினைக்கிறேன். அதைச் செய்வது இப்படி. முந்திரிகையைப் பிழிந்த பின் மிஞ்சும் சக்கையை வடித்து, மார் என்ற கடும் மதுவை எடுப்போம். அதுவும் முதலில் பீப்பாவில் கிடந்து முதிர வேண்டும். அடுத்த அறுவடையில் புதுச் சாறு வரும்போது, அது நொதிக்குமுன், சாறு இரண்டு பங்குக்கு மார் ஒரு பங்கு ஊற்றுவோம். நொதி வேலை செய்ய முடியாது. சாற்றின் சர்க்கரை அப்படியே சாற்றில் நின்றுவிடும். பிறகு குறைந்தது பத்து மாதம் ஓக்கில் வைப்போம். 1991 முதல் அதற்கும் பெயர்க்காப்பு உண்டு.

முதல்முறை இதைச் செய்தபோது நான் முதலாளியிடம் சொன்னேன், என் தகப்பனும் இதைத்தான் செய்தார் என்று. அவர் நம்பவில்லை. பனையில் பாளையைச் சீவினால் வடிவது இனிப்பு நீர். வெறும் முட்டியில், அதாவது சிறு மண்பானையில், வடிந்தால், முட்டியிலும் காற்றிலும் இருக்கும் நொதி பிடித்து, இறக்கும்போதே கள்ளாகியிருக்கும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் நொதிக்காது, இனிப்பு நிற்கும், அது கருப்பநீர். ஒரே மரம், ஒரே பாளை. நொதியை எந்த இடத்தில் தடுப்பது, எவ்வளவு தடுப்பது என்பதுதான் வேலை. இங்கே மார், அங்கே சுண்ணாம்பு. அன்று நான் கடதாசியில் பனைமரம் கீறிக் காட்டினேன். அந்தக் கடதாசி இன்றும் நிலவறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது.

வைக்கோல் வைன் என்று இன்னொன்று உண்டு. குலைகளை ஆறு கிழமைக்குக் குறையாமல் வைக்கோலிலோ தட்டிலோ காயவைத்துப் பிழிவார்கள். நூறு கிலோ பழத்தில் இருபது லீற்றர்கூடத் தேறாது. சின்னப் போத்தலில்தான் வரும். காய்ச்சல்காரருக்குக் கொடுத்த காலம் இருந்ததாம். கிழக்கே மலையேறினால் பொந்தார்லியே நகரம். அப்சாந்த் என்ற பச்சை மதுவின் ஊர் அது. 1915-இல் நாடு முழுவதும் அதைத் தடைசெய்தபோது அந்த ஊரின் வடிசாலைகளுக்கு வாழ்வே போய்விட்டது. சிலர் சோம்பு மணத்தில் வேறு குடிவகை செய்து வயிறு வளர்த்தார்கள். 2011-இல்தான் அந்தச் சட்டத்தை முற்றாக நீக்கினார்கள். தொண்ணூற்றாறு வருடம் கழித்தும் செய்முறையைத் தெரிந்த வீடுகள் அங்கே இருந்தன. ஏனென்றால் எழுதிவைத்திருந்தார்கள்.

இதையெல்லாம் 'மது' என்ற ஒரு சொல்லில் போட்டுக் கட்டுவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நம் மொழி அப்படி ஏழையல்ல. சங்கப் பாடல்களில் கள் உண்டு, நறவு உண்டு, தெளிந்ததற்குத் தேறல் என்றும் நெல்லில் வீட்டிலே சமைத்ததற்குத் தோப்பி என்றும் தனிப்பெயர் உண்டு. யவனர் கப்பலில் வந்த தேறலைப் பாடியிருக்கிறார்கள். அரிக்கமேட்டு மண்ணில் அந்த வைன் வந்த சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் வித்தியாசம் பார்த்துப் பெயர் வைத்த நாங்கள், இன்று எல்லாவற்றையும் சாராயம் என்கிறோம்.

குடியை நான் வளர்க்க வரவில்லை. என் சித்தப்பா குடித்தே செத்தார். சித்தி மூன்று பிள்ளைகளோடு எங்கள் திண்ணையில் வந்து நின்ற நாள் எனக்கு மறக்காது. நானே வேலையில் வாயில் வைத்துத் துப்புகிறவன், வீட்டில் வருடத்தில் நாலைந்து நாள்தான். குடிக்கிறவனைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். செய்கிறவனின் வேலையை மட்டும் அறியாமல் எழுதாதீர்கள்.

இனி நான் வெட்ட வேண்டாம் என்று கேட்ட பகுதி.

என் ஐயா கள்ளுச் சீவியவர். காலை நாலரைக்கு எழும்பி, இருபதுக்கு மேல் மரம் ஏறுவார். பின்னேரம் அதே மரங்களில் மறுபடி. காலில் தளைநார், இடுப்பில் கத்தி. பாளையின் நுனியை ஓலைக்கனத்துக்கு மேல் சீவமாட்டார். கூடச் சீவினால் பாளை சீக்கிரம் முடிந்துவிடும், குறைந்தால் நீர் அடைத்துவிடும். பிளா என்ற ஓலைக் குவளையில் ஊற்றிக் கொடுத்தால் எந்த மரத்துக் கள்ளு என்று கண்ணை மூடிச் சொல்வார். வடக்கு மூலையில் ஒரு பனை இருந்தது, அதன் கருப்பநீரைத் தங்கச்சிக்கென்று தனியாக இறக்குவார். அந்தப் பனையும் பக்கத்தில் நின்றவையும் போரில் பங்கருக்குத் தறித்துப் போயின.

பள்ளிக்கூடத்தில் படிவத்தில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் நான் 'கமம்', அதாவது விவசாயம், என்று எழுதினேன். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் எழுதினேன். எங்கள் ஊர்க் கோயிலில் ஐயா வெளிவீதியில் நின்று கும்பிட்டவர். 1968-இல் வடக்கில் கோயில் நுழைவுப் போராட்டங்கள் நடந்தபோது எனக்கு மூன்று வயது. கதவு திறந்த பிறகும் அவர் உள்ளே போக விரும்பவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆர்புவாவில் ஒவ்வொரு செப்டெம்பரும் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு திருவிழா. பியூ என்று பெயர். ஊர்த் தோட்டங்களில் ஆய்ந்த குலைகளையெல்லாம் ஒன்றாகக் கட்டி, ஆளுயரத்துக்கு ஒரே குலையாக்கி, நான்கு தோட்டக்காரர் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். முன்னால் வயலின். ஊர் முழுக்கப் பின்னால். சென் ஜூஸ்ற் தேவாலயத்துக்குள் கொண்டுபோய்ப் பீடத்துக்கு அருகில் தொங்கவிடுவார்கள். நான் வந்த மூன்றாம் வருடம், முதலாளியின் பேரன் அப்போது ஆறு வயது, கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தூக்கிப்போகும் நால்வரில் ஒருவரைக் காட்டி, அது என் அப்பா என்று எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னான். நான் அன்று இரவு சாப்பிடவில்லை. ஐயாவுக்கு ஒரு கடிதம் எழுத நினைத்து, என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். அவர் 2003-இல் காலமானார்.

ஆசிரியர் ஐயா, என் வேண்டுகோள் இதுதான். பிரான்சு வைனைப் பற்றித் திருத்தம் போட்டாலும் போடாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு நிருபரை வடமராட்சிக்கும் தென்மராட்சிக்கும் அனுப்புங்கள். எழுபது வயதைத் தாண்டிய சீவல் தொழிலாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்து, மரத்தை எப்படித் தேர்ந்தார்கள், பாளையை எந்தப் பருவத்தில் கட்டினார்கள், ஆண்பனைக்கும் பெண்பனைக்கும் சீவுவதில் என்ன வித்தியாசம், எந்தக் காற்றுக்கு நீர் கூடும், எதற்குக் குறையும் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே அச்சிடுங்கள். பெயரும் படமும் போடுங்கள். தொழில் என்ற இடத்தில் சீவல் தொழில் என்று போடுங்கள்.

நானும் என் பங்குக்கு, ஐயாவின் வாயிலிருந்து கேட்ட சொற்களை ஒரு கொப்பியில் எழுதிவருகிறேன். இதுவரை நாற்பத்தொரு சொல் சேர்ந்திருக்கிறது. பாளைக்கத்தி, தளைநார், முட்டி, பிளா என்று எல்லோருக்கும் தெரிந்தவை முதல் பக்கத்தில். ஒன்று மட்டும் வரவில்லை. பாளையைச் சீவத் தொடங்குமுன் சில நாள் அதை மெல்லத் தட்டிப் பதப்படுத்த ஐயாவிடம் ஒரு கட்டை இருந்தது. ஒரு முழத்துக்கும் குறைவு, கைபட்டுக் கைபட்டுக் கறுத்து வழுவழுப்பாக இருக்கும். மழைநாளில் அதைக் கூரை ஓலைக்குள் செருகிவைப்பார். பொல்லு என்று முடியும் ஏதோ ஒரு சொல். கனடாவில் இருக்கும் அக்காவைக் கேட்டேன், அவவுக்கும் ஞாபகமில்லை. இதை வாசிக்கும் யாருக்காவது அந்தப் பெயர் தெரிந்தால் தயவுசெய்து பத்திரிகைக்கு எழுதுங்கள். நாற்பத்திரண்டாவது வரியை அதற்காக விட்டுவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஆர்புவா, பிரான்ஸ்.